பதினேழாம் எண் மாதிரி

குட்டிக்கு,

உன் மேசை இழுப்பறையில் இருந்த மின் சிகரெட்டைக் கேட்காமல் எடுத்துப்போய், எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்கு வந்தவற்றோடு பதினேழாம் எண் மாதிரியாகச் சேர்த்துவிட்டேன். பிணவறையில் உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மால்டிஹைட் அதன் ஆவியில் இருந்தது. கருவி பழுதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மூன்று முறை அளந்தேன்.

"ஏன்டி, இதை இழுக்கிற பிள்ளைக்கு வீட்ல சொல்ல ஆளே இல்லையா?" என்றாள் பக்கத்து மேசைத் தோழி.

"இருக்காங்க. வாயத் தொறக்கத்தான் தெரியல" என்றேன்.

எதையும் சோதிக்காமல் நம்பாத நான், உன் இருமலைச் சளி என்று இரண்டு மாதம் நம்பினேன். நாளை காலை மருத்துவரிடம் போவோம். வழியில் திட்டமாட்டேன்.

சோதித்த மாதிரியை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். இதை மட்டும் உன் இழுப்பறையிலேயே திரும்ப வைத்திருக்கிறேன். அழிப்பது நீயாக இருக்கட்டும்.

அடுத்த அறையிலிருந்து,
அம்மா