பாத்திரம் கழுவும்போது பேசியது

ஜனவரி 14, செவ்வாய்

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது. கடைக் கதவின் பிடி உறைந்துபோய், வெந்நீர் கொண்டுவந்து ஊற்றித்தான் திறந்தேன். காலையில் வர வேண்டிய மூன்று பெண்களில் ஒருத்திதான் வந்தாள். அவளும் முடிக்குச் சாயம் போட வரவில்லை, நேற்றுப் பள்ளி வாரியத்தில் என்ன நடந்தது என்று கேட்க வந்தாள்.

நடந்தது இதுதான். ஓஸ்டர் (எங்கள் ஹெல்விக் பள்ளி மாவட்டத்துக்கு மேலாளரும் அவர்தான், தலைமையாசிரியரும் அவர்தான், பஸ்காரர் வராத நாளில் பஸ்காரரும் அவர்தான்) ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளை வரும் இலையுதிர் காலத்திலிருந்து பக்கத்து ஊர் கார்ஸ்டன் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். முப்பது மைல். இருபத்தாறு பிள்ளைகள். கணக்கு வாத்தியார் போய் இரண்டு வருஷம் ஆகிறது. விளம்பரம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். நகரத்திலிருந்து ஒருவர் திரையில் தோன்றி நடத்துகிறார். மாநிலம் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. தலை குறைந்தால் பணம் குறைகிறது, பாய்லர் மட்டும் அதே எண்ணெயைக் குடிக்கிறது.

வாரியத்தில் ஐந்து பேர். நான் தலைவி. அடுத்த மாதம் ஓட்டு.

"கார்ஸ்டனா!" என்றாள் வந்தவள். நரகத்துக்கு வழி சொன்னதுபோல் என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 1, சனி

கேலன் முடி வெட்டிக்கொள்ள வந்தான். என் கணவர் லாயிடின் தம்பி. வாரியத்தில் என் பக்கத்து நாற்காலி. மாதத்தின் முதல் சனிக்கிழமை, முப்பது வருஷமாக அவன் தலை என் கையில்தான். லாயிட் இறந்த மாதம்கூடத் தவறவில்லை.

"அண்ணி, கார்ஸ்டன்காரன்கிட்ட போய் நம்ம பிள்ளைங்கள ஒப்படைக்கிறதா? போன மாசம்தான் கூடைப்பந்துல நம்மள நாப்பது பாயின்ட்ல அடிச்சான்."

"நாப்பத்திரண்டு. தலைய ஆட்டாதே, காது போயிடும்."

பள்ளியின் கூடைப்பந்துக் கூடம், லாயிட் இருபது வருஷத்துக்கு மேல் பயிற்சி கொடுத்த இடம். வாசலில் அவர் பெயர், அதன்மேல் ஒரு விளக்கு. கடையை மூடிவிட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். சுற்று வழிதான். போனால் போகட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தேர்வு முடிவுகள் வந்தன. எங்களுக்கு வழக்கம்போல் நட்சத்திரங்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைக்குக் கீழே இருந்தால் மாநிலம் எண்ணைப் போடாது. யார் தேறவில்லை என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு நட்சத்திரம் போட்டு மறைத்துவிடும். எங்கள் ஊரில் எந்த வகுப்பிலும் பத்துப் பேர் கிடையாது. பெட்ரோல் நிலையம் வைத்திருக்கும் டுவைட், அவனும் வாரியத்தில் ஒருத்தன், இத்தனை வருஷமாக அது நல்ல மார்க்குக்கு அடையாளம் என்று நினைத்திருந்தானாம்! சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு வலி.

பிறகு ஓஸ்டர் நான்கு வகுப்பையும் சேர்த்துச் சொன்னார். இருபத்தாறு பேரில் கணக்கில் தேறியது ஐந்து பேர்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்துதானா?

பிப்ரவரி 8, சனி

செல்மா கிழவியின் அடக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு: வெண்ணெய் தடவிய பன்னில் பன்றித் தொடைக்கறி, உருளைக்கிழங்கு சாலட், ஒன்பது வகை இனிப்புத் துண்டு. இந்த ஊரில் செத்தால்தான் இப்படிச் சாப்பாடு கிடைக்கும்.

பாத்திரம் கழுவுவது என் முறை. கேலன் துணியெடுத்துத் துடைத்தான். டுவைட் காபி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான்.

"ஸ்கூல் போச்சுன்னா என் பங்க்கும் போச்சு," என்றான் டுவைட். "எவன் இந்தப் பக்கம் வண்டிய நிறுத்துவான்?"

"என் பொண்ணு பன்னெண்டு முடிச்சு கார்ஸ்டன் மேடையில பட்டம் வாங்கறத நான் பாக்கணுமா?" என்றான் கேலன். "அண்ணி, நீங்க சொல்லுங்க. அண்ணன் பேரு போட்ட கூடத்த எலிக்கு விடப் போறீங்களா?"

நான் சொன்னேன்: "கணக்கு வராட்டி என்னடா, போன்ல போட்டுக்கட்டும். அந்தக் கூடத்துல விளக்கு எரியணும்."

அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே முடிவு. ஒரு தட்டுகூட உடையவில்லை. மனசு லேசாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

பள்ளி இங்கேயே இருக்கும். மூன்றுக்கு இரண்டு. பத்து நிமிஷத்தில் முடிந்தது. டெஸ்ஸாவும் மெக்கானிக் கர்ட்டும் எதிர்ப்பு. டெஸ்ஸா செவிலி, வாரியத்திலேயே சின்னவள். ஓட்டு முடிந்ததும் என்னையே பார்த்தாள்.

"அக்கா, இத எங்க பேசி முடிச்சீங்க?"

"எங்கயும் இல்ல," என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

டெஸ்ஸா கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"தலைநகருக்குப் புகார் எழுதிட்டேன் அக்கா. மொட்டைக் கடுதாசி இல்ல, என் பேரப் போட்டுத்தான். உங்க முகத்துக்கு நேரா சொல்லணும்னு வந்தேன்."

செல்மா சாவுச் சாப்பாட்டில் இனிப்பு வெட்டிக்கொண்டிருந்த யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நல்லதும்மா என்றேன். அவள் போன பிறகு சீப்பை எறிந்தேன். அப்புறம் நானே குனிந்து எடுத்தேன்.

மார்ச் 27, வியாழன்

பதில் வந்துவிட்டது. ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர் ஓரிடத்தில் நின்று வாரிய விஷயம் பேசினால் அது கூட்டம். முன்கூட்டி அறிவிப்பு ஒட்ட வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும். பாத்திரம் கழுவினாலும் கூட்டம் கூட்டம்தான். ஓட்டு செல்லாது. மறுபடி கூட வேண்டும். அதற்கு முன் அன்றைக்கு அங்கே பேசியதை, ஞாபகம் இருக்கிற அளவு, ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

சொல்லணுமாம்! என்னத்தச் சொல்றது? இந்த ஊர்ல எந்த மூணு பேர் பேசாம பாத்திரம் கழுவியிருக்காங்க? விதைப்புக்கு முந்தி மூணு பேர் ஒரு வண்டி பானட்டுல சாஞ்சு நின்னா அதுவும் கூட்டமா? நாங்க என்ன திருடினோமா? இருக்கறதே முன்னூத்திச் சொச்சம் பேர். வாரியத்துல இருக்கறவன் வாரியத்துல இருக்கறவனப் பாக்காம எங்க போய்ச் சாவான்?

— ஆனால் டெஸ்ஸா கேட்டபோது எங்கேயும் இல்லை என்றேனே. அது ஏன்?

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்குச் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வரிதான். வாயில் வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

நூலகத்தில் கூட்டம் கொள்ளாது என்று கூடத்தில் வைத்தார் ஓஸ்டர். லாயிடின் கூடத்தில். ஏறக்குறைய ஊரே வந்திருந்தது. உயர்நிலைப் பிள்ளைகள் முதல் வரிசைப் படிகளில்.

டுவைட் முதலில் எழுந்தான். "என் பங்க் போயிடும்னு சொன்னேன்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். சிரித்தார்கள். கேலன், பட்டம் வாங்குவதைப் பற்றிச் சொன்னதை அப்படியே சொன்னான். கைதட்டினார்கள். அடுத்தது நான்.

"கணக்கு வராவிட்டால் என்ன, போனில் போட்டுக்கொள்ளட்டும், கூடத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று சொன்னேன்."

சிரிப்பு இல்லை, கைதட்டலும் இல்லை. யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலைக்கும் முதல் முடி நான்தான் வெட்டியிருக்கிறேன். சமையலறைத் தண்ணீர்ச் சத்தத்தில் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது.

பிறகு ஊரார் பேசும் நேரம், ஆளுக்கு மூன்று நிமிஷம். கேலனின் மகள் பிரிட்டா மைக் முன்னால் வந்தாள். பதினோராம் வகுப்பு. மாட்டு வைத்தியம் படிக்கப் போவதாகப் பத்து வயதிலிருந்து சொல்கிறவள்.

"போன மாசம் ஒருநாள் திரை நின்னுபோச்சு. கணக்கு சார் வாயத் தொறந்தபடியே அப்படியே நிக்கறாரு. சரியாயிடும், சரியாயிடும்னு நாங்க மணி அடிக்கிற வரைக்கும் அவர் பல்லயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். மறுநாள் அந்தப் பாடம் முடிஞ்சுதுன்னு அடுத்ததுக்குப் போயிட்டாரு." என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, பெரியப்பா இருந்தா எங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கட்டும்னுதானே சொல்லியிருப்பாரு?"

அப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவள் குரல் நடுங்கவில்லை.

லாயிட் ஒரு பையனுக்குப் பந்தைக் கூடையில் போடச் சொல்லிக்கொடுக்க நாள் கணக்கில் பக்கத்திலேயே நிற்பார். கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். திரையில் தோன்றி அல்ல.

ஓட்டு. டெஸ்ஸா: அனுப்பலாம். கர்ட்: அனுப்பலாம். டுவைட்: கூடாது. கேலன்: கூடாது.

அனுப்பலாம் என்றேன்.

கேலன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்கும் காத்திராமல் போய்விட்டான். பிரிட்டாவை நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மே 3, சனி

முதல் சனிக்கிழமை. கேலன் வரவில்லை. அவன் நேரத்துக்கு வேறு யாரையும் போடவில்லை.

மே 25, ஞாயிறு

ஹெல்விக்கின் கடைசிப் பட்டமளிப்பு. ஐந்து அங்கிகள். பட்டம் கொடுத்தது நான். பாதிப் பேர் என்னிடம் பேசினார்கள், பாதிப் பேர் கேக்கிடம் பேசினார்கள். கேலன் கடைசி வரிசையில். முடி காதை மூடிவிட்டது. அவன் மனைவி வெட்டியிருக்க வேண்டும், பின்பக்கம் சட்டியைக் கவிழ்த்தது மாதிரி இருக்கிறது. எனக்குக் கை பரபரத்தது.

ஜூன் 10, செவ்வாய்

வாரியத் தேர்தல். தோற்றேன். டெஸ்ஸா போனில் அழுதாள். நான் ருபார்ப் தண்டு போட்டு ஒரு கேக் சுட்டுப் பாதியை நானே தின்றேன்.

ஜூன் 28, சனி

சாயம் போட வருகிறவர்களில் நான்கு பேர் கார்ஸ்டனில் போட்டுக்கொள்கிறார்களாம். பிள்ளைகளைத்தான் அனுப்பக் கூடாது, தலையை அனுப்பலாம் போலிருக்கிறது!

ஆகஸ்ட் 21, வியாழன்

கடையைத் திறக்கும்போது பஸ் போயிற்று. ஓஸ்டர்தான் ஓட்டினார். ஜன்னலோரம் பிரிட்டா கை காட்டினாள். சின்ன வகுப்புகள் இங்கேயேதான். பள்ளியில் சத்தம் இருக்கிறது. இருந்தாலும் மத்தியானம் வரை யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சரியாகத்தான் செய்தேனா?

செப்டம்பர் 30, செவ்வாய்

வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன், கூடத்து வாசல் விளக்கு எரியவில்லை. அவர் பெயர் இருட்டில். யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது நான் யார்? பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 4, சனி

பத்து மணிக்குக் கதவு மணி அடித்தது. கேலன். முடி சட்டைக் காலரைத் தொடுகிறது. வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைப் போர்த்தினேன்.

"வழக்கம்போலவா?"

"ம்."

பாதி வெட்டுகிற வரைக்கும் கத்தரி மட்டும்தான் பேசியது.

"பிரிட்டா," என்றான். அப்புறம் தொண்டையைச் செருமினான். "தானியக் குதிர் எவ்வளவு கொள்ளும்னு நேத்து சாப்பிடறப்போ எனக்கு ஒரு மணி நேரம் பாடம். மேல கூம்பாக் குவியுதே, அத நான் இத்தன வருஷமா குத்துமதிப்பாத்தான் போட்டிருக்கேனாம். தப்பாம்."

"தப்புதானா?"

"தப்புதான்." கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. "அந்த கார்ஸ்டன் வாத்தியார் பக்கத்துல வந்து நின்னு சொல்லிக் குடுக்கறாராம்."

பின்கழுத்தைச் சரிசெய்தேன். சட்டி மாதிரி இருந்ததை மனுஷத் தலையாக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எழுந்து, பணத்தை எப்போதும்போல் சீப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தான். கதவுவரை போனவன் திரும்பாமலே சொன்னான்:

"அண்ணி, அண்ணன் பேரு மேல இருந்த பல்பு போயிருந்துச்சு. வர்ற வழியில ஏணி போட்டு மாத்திட்டுத்தான் வந்தேன்."

அவன் வீட்டிலிருந்து என் கடைக்கு வரக் கூடம் வழியில் கிடையாது.

தரையைக் கூட்டினேன். அஞ்சு மாத முடி, ஒரு முறம் நிறைய.