உன் திதியன்று அவளுக்குப் பரீட்சை

என் கண்ணு சேகருக்கு,

உன் படத்தை இன்றைக்கு நான்தான் ஆணியிலிருந்து கழற்றினேன். கோபித்துக்கொள்ளாதே. உள்ளே உன் ரேவதி பரீட்சை எழுதுகிறாள். கம்ப்யூட்டர் வழியாக யாரோ அறையையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். சுவரில்கூட எதுவும் இருக்கக் கூடாதாம். அதனால் நீயும் நானும் வாசலில். உனக்கு நாற்காலி, எனக்குப் படி.

என்ன பரீட்சை என்கிறாயா? ஒரு வேலையை எடுத்தால் யார், எப்போது, எதை முடிக்க வேண்டும் என்று வகுத்துக் கடைசிவரை நடத்திக்கொடுக்கிற படிப்பு. பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்கிறாள். முன்னே வேலை பார்த்த அனுபவமே வேண்டாம், தேறினால் சர்டிபிகேட். நீ போன பிறகு எத்தனை இடம் ஏறி இறங்கினாள் தெரியுமா? எங்கே போனாலும், "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காம்மா?" என்ற கேள்விதான். இப்போது சென்னையில் ஒரு கம்பெனி, இந்த மாதத்துக்குள் சர்டிபிகேட் காட்டினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் இன்றைக்கு உன் முதல் வருஷத் திதி.

உன் திதிக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்றுதான் நீ போன தேதிக்குப் பதினோரு நாள் முந்திப் பதிந்தாள். இங்கிலீஷ் தேதியைப் பார்த்துவிட்டாள். திதி அதற்கு முன்னாடியே வந்து நிற்கும் என்று தெரிந்த நானும் போன வாரம்தான் ஐயரைக் கேட்டுவந்து சொன்னேன்.

"கரண்ட் போனா என்ன, நெட்டு போனா என்னன்னு எல்லாம் எழுதி வச்சேன் அத்தை. இத எழுதலியே."

"நாள மாத்த முடியாதா?"

"மாத்தலாங்க அத்தை. அடுத்த மாசந்தான் கிடைக்கும். வேலை போயிடும்."

"என் பிள்ளையவிட வேலை ஜாஸ்தியா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. நானே எடுத்து அவள் மடியில் வைத்தேன். செய்தது சரிதானா? நீதான் சொல்லேன்.

சற்று முன் கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் பெரியம்மா வந்து இறங்கினாள்.

"ஏண்டி, புருஷன் திதிக்குப் பொண்டாட்டி கதவ சாத்திக்கினு பரீட்சை எழுதறாளா? நல்லா இருக்குடி உங்கூட்டு ஞாயம்!"

"மெதுவா பேசுக்கா. சத்தம் கேட்டா நிறுத்திடுவாங்களாம்."

"அப்ப படையலு?"

"அவ வந்துதான் போடணும். என் பிள்ளை பொறுத்துக்குவான். உனக்குப் பசின்னா பின்னால போய் ரெண்டு வடைய தின்னு."

"படைக்கறதுக்கு முன்னயா! அடிப் பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாலு தடவை கதவில் காது வைத்துவிட்டேன். உப்பு வண்டிக்காரர் மைக்கோடு தெருவில் திரும்பினார்; ஓடிப்போய்க் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? தேறினால் அவளும் உன் பாப்பாவும் சென்னைக்குப் போய்விடுவார்கள். தேறாவிட்டால் என்னோடு இங்கேயே. காலையிலிருந்து சாமியை வேண்டுகிறேனே, எதைக் கேட்டு வேண்டுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லையடா.

தேறட்டும். இதோ, எழுதிவிட்டேன். இனி மாற்ற மாட்டேன்.

தேறினால் நானே அவர்களை பஸ் ஏற்றிவிடுவேன். தவறினால் அடுத்த தடவையும் இந்தப் படியில் காவல் இருப்பேன். உன் பேரைச் சொல்லி அவளை இனி ஒருநாளும் தடுக்க மாட்டேன். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. எழுந்து போகிறேன்.

உன்னைப் பெற்றவள்,
ரேவதிக்கு அத்தை,
முனியம்மா