டமார் அக்கா

சிலிபின், ஈப்போ.

அன்பு மகள் சாந்தினிக்கு அம்மா எழுதுவது. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், பரிசு வாங்கியவர்களுக்கு என்ன குறை. இங்கே நானும் உன் தங்கச்சி புனிதாவும் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பத்து காஜாவில் இருக்கும் சின்னையா மாமாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் சாமியாரிடம் போகிறார், நீயாவது போன் போட்டுத் திட்டு.

பரிசு வாங்கிய சிறுவர் புத்தகங்களில் எது பிடித்தது என்று இங்கே தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளிடமும் டீச்சர்களிடமும் ஓட்டு எடுத்தார்கள், இரண்டு பக்கமும் நீ எழுதிய 'டமார் அக்கா'தான் முதலாவது. கை நடுங்கி எதைத் தூக்கினாலும் கீழே போடுகிற அக்கா, யாருக்குத்தான் சிரிப்பு வராது. வலிப்பு வந்து கை நடுங்கிப்போன ஒருத்தி நம் வீட்டில் இருக்கிறாள், அதே பள்ளிக் கேண்டீனில் தட்டுத் தூக்குகிறாள் என்பது மட்டும் உனக்கு மறந்துவிட்டது. பெயரை மாற்றினாயே, படத்தில் அந்தக் கோணல் கொண்டையையும் மாற்றச் சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளைகள் பார்த்ததுமே கண்டுகொண்டார்கள். இப்போது அவள் தட்டோடு வந்தால் கேண்டீனே டமார் என்று கத்துகிறது. எங்க அக்கா புக்கு என்று சொல்லி அவளும் சிரிக்கிறாள், எனக்குத்தான் வயிறு எரிகிறது.

போன வாரம் வாசிப்பு விழா. கலாதேவி டீச்சர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று பீங்கான் தட்டாகப் பார்த்துக் கையில் கொடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். புனிதா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போடாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள், முகமெல்லாம் வேர்வை. நான் கைதட்ட எழுந்தேன். பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது, போடுங்கக்கா போடுங்கக்கா என்று கத்தினார்கள், டீச்சரும் சிரித்துக்கொண்டே போடுலா புனிதா என்றார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், கையை விட்டாள். மண்டபமே கைதட்டியது. வீட்டுக்கு வந்து ஏண்டி போட்டாய் என்று கேட்டேன். போடலன்னா அக்கா பொய் எழுதிட்டாங்கன்னு சொல்லுவாங்கல்லம்மா என்றாள்.

நன்றாக இரு, மாரியம்மன் உன்னைக் காக்கட்டும், பெற்றவள் வாயால் வேறென்ன சொல்ல முடியும். சின்னையா மாமாவுக்குப் போன் போட மறந்துவிடாதே. அடுத்த புத்தகத்துக்கு ஆள் தேவைப்பட்டால் என்னை எழுது. பெற்ற மகளையே திட்டிக் கடிதம் போடும் கிழவி என்று போடு, பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள். அவளை விட்டுவிடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
காளியம்மா