அச்சிடாமல் விட்ட வரி

உங்கள் நெற்றித் தழும்பு நான் போட்டதல்ல. உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது, பிரிக்பீல்ட்ஸ் மாதா கோவில் வாசலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "பாவம் அந்த அங்கிள். ஆன்டி அடிச்ச அடி, சாகுற வரைக்கும் மறையல லா." நான் திரும்பிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் படத்தைத் துடைக்கக் கழற்றினேன். பின்னட்டை பெயர்ந்து, மடித்த தாள் ஒன்று மடியில் விழுந்தது. ஓரத்தில் துளையிட்ட பழைய கணினித் தாள்.

பெட்டாலிங் ஜெயாவில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அலுவலகத்தின் தாள். கேரி தீவில் ஓர் எண்ணெய் ஆலையில், செம்பனைக் குலைகளை ஆவியில் வேகவைக்கும் இரும்புக் கலனுக்கு நீங்கள் நிரல் எழுதினீர்கள். உள்ளே ஆவி இருக்கும்வரை அதன் கதவு திறக்கக் கூடாது. உங்கள் நிரலைத் தானாகவே சோதிக்கும் இன்னொரு நிரலை நான் எழுதினேன். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டியது கணினியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அழுத்தம் அளக்கும் அட்டை செருகியிருந்தால் ஓடும். இல்லையென்றால் 'விடப்பட்டது' என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

நம்மிடம் இருந்த ஒரே அட்டை அப்போது பழுதுக்குப் போயிருந்தது. 'விடப்பட்டது' என்ற வரிகளே ஒரு பக்கத்தை அடைத்தன. அசிங்கமான தாளை, நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் முகத்திலேயே வீசுவார்கள். அந்தப் பழக்கத்தில், அவ்வரிகள் அச்சாகாதபடி செய்தேன். 'தவறு: பூஜ்யம்' என்று ஒரே பக்கம், சுத்தமாக வந்தது. "மேடம் போட்ட பேப்பர்ல கமாகூட அட்டென்ஷன்ல நிக்குது," என்று சிரித்தபடி கையெழுத்திட்டீர்கள்.

ஆலையில் உங்கள் நிரல் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரம், ஆவி அடங்குமுன்பே கலனின் கதவு திறந்தது. எதிரே நின்ற தொழிலாளிக்குச் சட்டையோடு தோலும் உரிந்து வந்ததாம்.

மூன்றாம் நாள் அவனுடைய அண்ணன் இரும்புக் குழாயோடு நம் அலுவலகத்துக்குள் புகுந்தான். முதல் அடியில் என் கணினித் திரை சிதறியது.

"எல்லாம் ஓகேன்னு பேப்பர் போட்டவன் எவன்டா?"

நான் எழுந்தேன். நீங்கள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தீர்கள்.

"நான்தான் அண்ணே."

குழாய் உங்கள் நெற்றியில் இறங்கியது. விசைப்பலகையெல்லாம் இரத்தம். அவன் மறுபடி ஓங்கினான். நாற்காலியைத் தூக்கி அவன் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் ஒருமுறை அடித்தேன். அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். "என் தம்பிக்கு மூஞ்சே இல்லக்கா."

மருத்துவமனையில் போலீஸ்காரர் கேட்டபோது, "வீட்டுச் சண்ட சார். ஒய்ஃப் அடிச்சிட்டாங்க," என்றீர்கள். வார்டே திரும்பி என்னைப் பார்த்தது. அவர் போனதும், எதற்கு இந்தப் பொய் என்று கேட்டேன்.

"தம்பி தோலுரிஞ்சு கெடக்கான். அண்ணனையும் உள்ள தள்ளணுமா? ஒங்க பேரு ஸ்ட்ராங்கு, தாங்கும் லா."

தாங்கியது. இத்தனை வருடங்களில் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வரிகளை நிறுத்தியது நான்தான் என்று உங்களிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். இன்றும் மருத்துவர் "எல்லாம் நார்மல் ஆன்டி" என்றால், "எதைப் பார்க்காமல் விட்டீர்கள்?" என்றுதான் கேட்கிறேன்.

இப்போது இந்தத் தாள். விபத்துக்கு மறுநாள் தேதியிட்டு, நான் அடக்கிய வரிகளையெல்லாம் நீங்கள் இதில் அச்சிட்டிருக்கிறீர்கள். 'விடப்பட்டது: கதவுப் பூட்டு. அட்டை இல்லை.' அதன் கீழே உங்கள் சிவப்புப் பேனா இரண்டு கோடு இழுத்திருக்கிறது. தாளின் பாதியில் காய்ந்துபோன பழுப்புக் கறை. அடிபட்ட அன்று இது உங்கள் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. குழாய் இறங்குமுன்பே உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால், மனைவி அடித்தாள் என்று சொன்னது அந்த அண்ணனைக் காப்பாற்றவா, எனக்குத் தண்டனையாகவா? கனவில் வந்து சிரித்துவிட்டுப் போக வேண்டாம். எழுத்தில் பதில் போடுங்கள்.