பாக்கியத்தின் வாய் திறந்தது, அக்கா

நான் ஒரு முறைகூடப் பார்த்திராத, ஆனால் தினமும் மனசுக்குள் பேசிக்கொண்டிருக்கிற என் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பாக்கியம் நன்றாக இருக்கிறாள். வாய் திறக்கிறது. போன வாரம் மதராஸ் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவள் பல்லுக்கு நடுவே விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்மா, ஏதாவது தொந்தரவு இருந்தா மட்டும் வாங்க" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு நம் வீட்டுக்காரருக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். கீரனூர்ப் பக்கம்தான் எனக்கும். எட்டாவது வரை படித்தேன், அதனால்தான் இதை எழுத முடிகிறது. பாக்கியத்துக்கு அப்போது ஒன்பது வயது. என்னைச் சின்னாத்தா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அவள் கூப்பிட்டது எனக்குப் புரியவே இல்லை. பல்லோடு பல் ஒட்டியபடி, முனகலாக வந்தது. "புள்ளைக்கு வாய் தெறக்காது. நீ வந்து பாத்துக்குவியேன்னுதான்…" என்று நம் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பெண் பார்க்க வந்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் எப்படிச் சோறு ஊட்டினீர்கள் என்று உங்கள் தம்பி கருப்பையாதான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். சோற்றைக் குழையப் பிசைந்து, விரலால் தட்டையாக்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் வைத்து உள்ளே தள்ள வேண்டும். கடைவாய்ப் பக்கம் ஒரு பல் விழுந்த இடைவெளி இருந்தது. கஞ்சி, மோரெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். இட்லியைக் கசக்கினால் போகும், தோசை போகாது. மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததில் பள்ளிக்கூடத்தை மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டாளாம்.

முகம் உங்கள் ஜாடை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தாடை மட்டும் வளராமல் உள்ளே ஒடுங்கி, இடது பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. பார்க்கிறவர்கள் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி 'உச்' கொட்டுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஊருணிப் படியில் அவள் வழுக்கி விழுந்ததைப் பற்றி என்னிடம் சொன்னதும் கருப்பையாதான். ஐந்து வயதில் தாடை கல்லில் அடித்துப் பிளந்தது, கம்பவுண்டர் தையல் போட்டார், நீங்கள் உங்கள் பழைய சேலையைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துத் தலையில் கட்டுப் போட்டீர்கள். காயம் ஆறிவிட்டது. வாய் மட்டும் மாசத்துக்கு மாசம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆத்தாக்காரி இறுக்கிக் கட்டிப் புள்ளை வாயை ஒட்ட வைத்துவிட்டாள் என்று ஊரில் பேசினார்களாம். நீங்களும் அதை நம்பிவிட்டீர்களாம். கடைசிக் காய்ச்சலில்கூட "நாந்தான் கட்டினேன், நாந்தான் கட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாமே, அக்கா?

அது நீங்கள் இல்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவளுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து கன்னம் வீங்கிவிட்டது. வாய்க்குள் எதையும் விட்டுத் துலக்க முடியாதே, பல் எப்படித் தாங்கும்? காய்ச்சல் ஏறியது. அன்றைக்கு மத்தியானம் அவளுக்கு வாந்தி வந்தது, அக்கா. பல் மூடியிருக்க, உள்ளிருந்து வந்தது வெளியே வர வழியில்லாமல் மூக்கில் ஏறியது. மூச்சு முட்டி முகம் கறுத்துவிட்டது. அவளைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அடித்து, கன்னத்துக்குள் விரலை விட்டு வழித்துப் போட்டேன். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு திரும்பியது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பல் டாக்டரால் ஆயுதத்தை உள்ளே விடவே முடியவில்லை. முதலில் மருந்து கொடுத்து வீக்கத்தைக் குறைத்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இவ சின்ன வயசுல தாடை அடிபட விழுந்தாளா?" என்று கேட்டார். நான் ஊருணிக் கதையைச் சொன்னேன்.

"அடி பட்டது தாடையில. ஆனா எலும்பு ஒடைஞ்சது இங்க" என்று தம் காதுக்கு முன்னால் தொட்டுக் காட்டினார். "தாடை அசையுற கீலு இது. உள்ளுக்குள்ள ஒடைஞ்சு, ரத்தம் கட்டி, தாடையும் மண்டையோடும் ஒரே எலும்பா ஒட்டிப் போயிருக்கு. வெளிய பாத்தா தெரியாது."

"இவ ஆத்தா துணியால இறுக்கிக் கட்டினதுனாலதான்னு சொல்றாங்களே?"

"அதெல்லாம் இல்லம்மா. ரெண்டு நாள் துணி கட்டினா எலும்பு ஒட்டாது. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி, எலும்பு ஒட்டியிருந்த அந்த வெள்ளைக் கட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. ஊர் பேசியது அவள் காதிலும் விழுந்துதானே இருக்கும்?

இதற்கு ஆபரேஷன் உண்டு, மதராஸில் செய்கிறார்கள் என்றார் டாக்டர். ஆபத்தும் உண்டு என்றார். மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குக் குழாய் போட வேண்டும். வாய் திறக்காததால் முழிப்பிலேயே மூக்கு வழியாகப் போட வேண்டும், அது போகாவிட்டால் தொண்டையில் துளை போட வேண்டும். முகத்தை அசைக்கிற நரம்பு அந்த இடத்தில்தான் ஓடுகிறது. எல்லாம் நல்லபடி நடந்தாலும், பிறகு பயிற்சி செய்யாவிட்டால் பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் சொன்னேன். நம் வீட்டுக்காரர் தயங்கிக்கொண்டே கருப்பையாவுக்கு ஆள் அனுப்பினார். குன்றாண்டார்கோவிலிலிருந்து கருப்பையா வந்து வாசலில் நின்றார்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றேன்.

"நான் உக்கார வரல. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க வயித்துல பொறந்த புள்ளையா இருந்தா கத்திக்குக் குடுப்பீங்களா? எங்கக்காதான் போயிட்டா. இதாச்சும் உசுரோட இருக்கட்டும்."

இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? இளையாள் கொண்டுபோய்க் கொன்றுவிட்டாள் என்பார்கள். "அன்னைக்கு வாந்தி எடுத்தப்ப நீங்க பாக்கலயே தம்பி" என்றேன்.

அப்போது பாக்கியம் உள்ளேயிருந்து வந்தாள். கருப்பையாவுக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகப் பல்லிடுக்கில் தள்ளிச் சொன்னாள். "மாமா, நான் போறேன். சின்னாத்தா கூட்டிட்டுப் போகல, நாந்தான் போறேன். எனக்குக் கடிச்சுத் திங்கணும். நான் பேசுறது நாலு பேருக்குப் புரியணும்."

கருப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நானும் வாரேன்" என்றார்.

நம் வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். ரயிலில் நாலு பேருமாகப் போனோம். ரத்தம் தேவைப்படலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, நாங்கள் யோசிக்கும் முன்பே கருப்பையா சட்டைக் கையை மடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே வகை ரத்தம் என்று சொன்னதும் அவருக்கு வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எங்கக்கா ரத்தம்ல" என்று வார்டு முழுக்கச் சொன்னார்.

ஆபரேஷன் நடந்த நேரம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களைத்தான் கூப்பிட்டேன். சாமியைக் கூப்பிட்டேனா என்று நினைவில்லை.

டாக்டர் வெளியே வந்து முகத்துணியைக் கீழே இறக்கினார். மூக்கு வழியாகவே குழாய் போய்விட்டது, தொண்டையில் துளை போடவில்லை என்றார். காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிக் கிடந்த எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, திரும்ப ஒட்டாமல் இருக்கத் தொடையிலிருந்து ஒரு சவ்வை எடுத்து நடுவில் வைத்திருக்கிறார்கள். "வாய் திறந்துடுச்சும்மா" என்றார். நம் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியதும் நர்ஸம்மா வந்து, "எங்கே, ஆ காட்டு" என்றார். காட்டினாள். ஆறு வருஷம் அவளை வளர்த்திருக்கிறேன், அக்கா. அவள் நாக்கை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்கள் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்திருப்பீர்கள். எனக்கு அது புதுசு. குழந்தை பிறந்ததும் விரலை எண்ணிப் பார்ப்பார்களே, அப்படி அவள் பல்லையும் நாக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் இடது கண் மூடவில்லை. தூங்கும்போதும் பாதி திறந்தே கிடந்தது. அந்தப் பக்கத்துப் புருவம் ஏறவில்லை. பாக்கியம் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஒண்ணு குடுத்து ஒண்ண எடுத்துட்டாங்களா சின்னாத்தா?" என்று கேட்டாள். நரம்பு அறுபடவில்லை, இழுபட்டு அசந்திருக்கிறது, மெதுவாகத் திரும்பும் என்றார் டாக்டர். கண்ணுக்குக் களிம்பு போட்டுத் துணி கட்டினோம். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் ஊருக்குத் திரும்பினோம். ஊரில் முதலில் எல்லாரும் பார்த்தது அந்தக் கண்ணைத்தான்.

மெதுவாகத்தான் திரும்பியது. முதலில் கண் மூடத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் மேலே அண்ணாந்து பார்த்தாள், இரண்டு புருவமும் சேர்ந்து ஏறின. நான் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டேன்.

பயிற்சிதான் கொடுமை. பம்பரம் போல ஒரு மரத் திருகு கொடுத்திருந்தார்கள். பல்லுக்கிடையில் வைத்துத் திருகினால் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். வலியில் அவள் என் கையைப் பிறாண்டுவாள். ஒரு நாள் திருகைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "நீ என்னயப் பெத்தவளா? எங்க ஆத்தா இருந்தா இப்புடி வலிக்க வலிக்கத் திருகுவாளா?" என்று கத்தினாள்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒங்க ஆத்தா இருந்திருந்தா என்னய விட இறுக்கித் திருகியிருப்பாடி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். சரியாகத்தானே சொன்னேன்? நீங்கள் அப்படித்தானே செய்திருப்பீர்கள்?

அப்புறம் சில நாள் அவள் திருகைத் தொடவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு காலையில் என்னிடம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "சின்னாத்தா, வெரலு நொழைய மாட்டேங்குது." வாய் மறுபடி சுருங்கத் தொடங்கியிருந்தது. பாயின் அடியிலிருந்து திருகை எடுத்துக் கொடுத்தேன். அவளே வாயில் வைத்து அவளே திருகினாள். கண்ணில் நீர் கொட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து என் கை அதில் படவில்லை.

தாடை பழையபடி சின்னதாகத்தான் இருக்கிறது, அக்கா. கோணலும் முழுக்கப் போகவில்லை. அதற்குத் தனியாகப் பின்னால் ஏதாவது செய்யலாம் என்றார் டாக்டர். "இப்ப வேண்டாம் சார், எனக்கு இது போதும்" என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தச் சொத்தைப் பல்லையும் எடுத்தாயிற்று.

இப்போது கடலை தின்கிறாள், கொய்யாக்காயைக் கடிக்கிறாள். வருகிற ஆனியில் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லை என்கிறாள். சாயங்காலம் நம் வீட்டுக்காரருக்குப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். ஒரு வார்த்தை விடாமல் விளங்குகிறது. "வாய் தெறந்ததுலேருந்து மூட மாட்டேங்குறா" என்று அவர் என்னிடம் குறைசொல்கிறார். குறைசொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போன வாரம் மதராஸிலிருந்து திரும்பும்போது, திருச்சியிலிருந்து கீரனூர் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அலுப்பு. திடீரென்று பெரிய கொட்டாவி விட்டாள். அவளே பயந்துபோய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சின்னாத்தா, என்னமோ ஆயிருச்சு" என்றாள். கொட்டாவி எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. "ஒண்ணும் ஆகல, அது கொட்டாவி" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். முன் சீட்டிலிருந்த நம் வீட்டுக்காரருக்கும் கொட்டாவி வந்தது. எனக்கும்.

அவளைப் பெண் கேட்டு யாராவது வரலாம், வராமலும் போகலாம். ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா. அவளை இருக்கிறபடி பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் கொடுப்பேன். அதற்கு முன் அவள் படிக்க வேண்டுமென்றால் படிக்கட்டும். ஊர் என்ன பேசினாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் இனி நிம்மதியாக இருங்கள். புள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
நம் பாக்கியத்தின் சின்னாத்தா