செவலை யாருடைய நாய்?

மலையேறும்போதெல்லாம் எனக்காக நின்று நின்று போன அண்ணனுக்கு,

ஒரு நாய் யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது? சோறு போடுகிறவருடையதா, சங்கிலி வாங்கியவருடையதா, அதன் காவலில் நிம்மதியாகத் தூங்குகிறவருடையதா? எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரெல்லாம் கேட்டுவிட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதே சரி. இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாய் உன்னுடையது என்கிறார்கள்.

குரங்கணிக்கு மேலே நம் ஏலத்தோட்டத்தில் நீ வளர்த்த கோம்பை நாய், செவலை, பாக்கியத்தைக் கடித்துவிட்டது. பாக்கியத்தை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு காய் பறிக்கச் சேர்ந்தவள். நீ இருந்தவரை, ஆட்கள் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் நாயைக் கட்டிவிடுவாய். இப்போது கட்டுவதற்கு ஆள் இல்லை. கெண்டைக்காலில் பல் நன்றாக இறங்கியிருக்கிறது. வருடா வருடம் நீ அதற்குப் போட்டுவந்த வெறிநோய் ஊசியும் உன்னோடு நின்றுவிட்டது.

எரிச்சல் என்னவென்றால், இதற்கெல்லாம் போன மாதம்தான் விதி போட்டோம். நாய் வளர்க்க உரிமம் வேண்டும் என்று பழைய விதி ஒன்று எப்போதோ இருந்ததாம். யாரும் வாங்கியதில்லை. அதைப் புதுப்பிக்கக் கிராமசபை கூடியது. வளர்ப்பவர் பெயரைப் பதிய வேண்டும், நாய்க்கு ஊசி போட வேண்டும், கட்டி வைக்க வேண்டும், கடித்தால் வைத்தியம் முடியும்வரை வளர்ப்பவரே பொறுப்பு. எழுதிக் கொடுத்தவள் நான்தான். படித்தவள் எழுதினால் ஓட்டை இருக்காது என்று நம்பினார்கள்.

தலைவர் எழுந்து, "நாய் வச்சிருக்கவுகள்லாம் கையத் தூக்குங்கப்பா" என்றார்.

ஒரு கைகூட எழவில்லை.

"அப்ப இந்தா மேசைக்கடியில படுத்திருக்கே, இது யாருது?"

"கூட்டத்துக்கு வந்திருக்கும் தலைவரே. மனு எதுவும் குடுக்கணுமோ என்னமோ" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"தெனமும் நீதானய்யா அதுக்குச் சோறு போடுற?"

"காக்காய்க்குந்தேன் வைக்கிறேன். அதையும் என் பேருல எழுதிக்கிருவீகளா?"

சிரித்துக்கொண்டே தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அந்த வாரத்துக்குள் ஊரில் ஒரு நாய் கழுத்திலும் பட்டை இல்லை. கட்டிக் கிடந்தவற்றையும் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். பொறுப்பை வளர்ப்பவர்மேல் வைத்தேன். வளர்ப்பவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். இப்படி ஒரு விதியை எழுதியவளை என்ன செய்யலாம், நீயே சொல்.

கடித்த அன்று சாயங்காலம் மதினியிடம் போனேன். நீ போனதிலிருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தானே.

"மதினி, செவலைய ஒங்க பேருல பதிஞ்சிருவோம்."

"அது ஒங்கண்ணன் நாயி. அவுகளே போயிட்டாக. நான் எதுக்கு ஆத்தா பேரு குடுக்கணும்?"

"அப்ப வேற யாருக்காச்சும் குடுத்துருவோம்."

"குடுத்துட்டு? களவாணிப் பயலுக காய உருவிட்டுப் போனா, நீ வந்து குரைப்பியா?"

இதைச் சொல்லும்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? காலை ஜீப்பில் மேலே அனுப்புவதற்காக, செவலைக்குக் கறிச்சோறு கட்டிக்கொண்டிருந்தது. காவல் காக்கும் நாளெல்லாம் அது அவருடையது. கடித்த நாளில் மட்டும் உன்னுடையது.

பாக்கியத்துக்கு முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவது நாளைக்கு. நினைவூட்டலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன்.

"புண்ணுதேன் ஆறிக்கிட்டு வருதே டீச்சரம்மா. பறிப்பு நேரம். சோலிக்குப் போகலேன்னா வேற ஆளு வச்சிருவாக."

"ஊசிய விட்டா உசுருக்கே ஆபத்து பாக்கியம்."

"அந்த நாயி நல்லாத்தேன இருக்கு. நேத்துக்கூட என்னயப் பாத்து வால ஆட்டுச்சு."

வாலை ஆட்டுவது மருத்துவச் சான்றிதழ் ஆகாது என்று விளக்க ஆரம்பித்தேன். என் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளுக்குச் சின்னப் பிள்ளை ஒன்று இருக்கிறது, வேறு துணை இல்லை. கடைசி ஊசி வரைக்கும் யாராவது அவளைக் கூட்டிப் போக வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் 'என் நாய்' என்று சொல்ல வேண்டும். இத்தனை பெரிய ஊரில் அந்த ஒரு ஆளுக்கு எங்கே போவது, அண்ணே?

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்தது இது.

காலையில் தோட்டத்து ஜீப் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஏறப்போன பாக்கியத்தை, "மதினிகிட்ட நான் பேசிக்கிறேன், வா" என்று போடி பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தெரு நாயிதான?"

"ஆமாங்க, தெரு நாயி" என்றாள் பாக்கியம். முதல் தடவையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல சிஸ்டர், வளத்த நாயி. என்னோடது" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பாத்தா படிச்சவுக மாதிரி இருக்கீக. கட்டிப்போடத் தெரியாது? ஊசியாச்சும் போட்டீகளா அதுக்கு?"

"போடல."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார். முழுவதையும் நின்று கேட்டேன். பிறகு பாக்கியத்துக்கு ஊசி போட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பாக்கியம், "எதுக்கு டீச்சரம்மா நீங்க போயி ஏச்சு வாங்குறீக?" என்றாள்.

"அடுத்த ஊசிக்கு வெரசாக் கெளம்பி நில்லு" என்றேன். "சரி" என்றாள்.

சாயங்காலம் ஊராட்சி அலுவலகத்தில் செவலையைப் பதிந்தேன். பதிந்தது தெரிந்ததிலிருந்து மதினி என்னோடு பேசவில்லை. கடைசி ஊசி வரை பாக்கியத்தோடு நான் போவேன், அண்ணே. ஆட்கள் வருவதற்கு முன்னால் நாயைக் கட்டுவதற்கும் ஆள் வைப்பேன். இனி யாரிடமும் அதை உன் நாய் என்று சொல்ல மாட்டேன்.

செவலையை வளர்க்கும்,
உன் தங்கச்சி