பல்கனிக்குப் பதின்மூன்று அடி

மலர்,

கஞ்சி பிளாஸ்கில் இருக்கிறது. சூட்டோடு குடியும். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மிஸ் வருவா, உமது கையில் கட்டியிருக்கிற அடி எண்ணும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறிக்க. இரத்தப் புற்றுநோய்க்காரர் வீட்டில் எவ்வளவு நடக்கிறார்கள் என்று அறியத்தானே அதைக் கட்டிவிட்டார்கள். கதவுத் திறப்பு கீழ்வீட்டு அக்காவிடம். அவ கூட்டி வருவா. நீர் எழும்ப வேண்டாம்.

நேற்று வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, "நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் மிஸ்ஸுக்கு என்னத்தைக் காட்டுறது?" என்று ஏசினேன். நீர் சுவர்ப்பக்கம் திரும்பினீர்.

இன்று காலையில் போனில் அந்த மணிக்கூட்டின் கணக்கைப் பார்த்தேன். நேற்றுப் பகலில் குளியலறைக்குப் போனது மட்டும். பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஏழுவரை இருபத்தாறு அடி, பிறகும் இருபத்தாறு அடி, இப்படிப் பதினொரு தரம்!

உமது கட்டிலிலிருந்து உம்மைப் போலவே மெல்ல அடிவைத்துப் பார்த்தேன். பல்கனிக்குப் பதின்மூன்று. அங்கிருந்து ஸ்டேசன் றோட் தெரிகிறது. நேற்று ஐந்தரையிலிருந்து ஏழுவரை, என் ரயில் பிந்திய நேரம்.

ஊசி போட்ட மறுநாள். கரண்டி தூக்க ஏலாத உடம்பு. அந்த உடம்பா, மலர்? கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நான் வருவதைக் கண்ட பிறகுதான் நீர் போய்ப் படுத்திருக்கிறீர்.

நேசன்

பி.கு.: பல்கனியில் கதிரை போட்டிருக்கிறேன். பின்னேரம் அதிலேயே இரும். கணக்குப் பதின்மூன்றாகக் குறையட்டும். மிச்சத்தை நான் ஸ்டேசனிலிருந்து நடந்து வருகிறேன்.